கையுறை போடவும்

எங்கள் அண்ணிக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, கைதான் நிற்கும். நேற்று வீட்டுக்கு வந்தது யார் என்று கேட்டால், "கட்டை விரல் குட்டையா, உள்ளங்கை அகலமா இருக்குமே, சுண்டு விரல்கூட வெளிப்பக்கமா சாஞ்சு... அவர்தான்" என்பாள். அது எங்கள் சித்தப்பா என்று நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்குள் வந்த அன்று என் கையைப் பிடித்தாள். பாசம் பொங்குகிறதாக்கும் என்று நினைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க பெரிய சைஸு" என்றாள். இருபது வருடம் ஆகிவிட்டது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் அவளுடைய நாத்தனார், அண்ணனுக்கு ஒரே தங்கை. மாடி அறையில் குடியிருக்கிறேன், கீழே முன்னறையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகை, வண்டி நம்பர், 'நாய் ஜாக்கிரதை', 'வாசலில் வண்டி நிறுத்தாதீர்' எல்லாம் என் கைவரிசை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கென்றே ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதை அச்சில் ஏற்ற முடியாது. வயது நாற்பத்திரண்டு. அண்ணி இன்னும் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அண்ணி வேலை பார்ப்பது கையுறைத் தொழிற்சாலையில். கண்ணாடி மாதிரி மெல்லிசாக, ஒரு தடவை மாட்டிவிட்டு வீசுகிற பிளாஸ்டிக் கையுறை. இரண்டு பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, கை வடிவத்தில் உள்ள சூடான அச்சை மேலே அழுத்தினால் ஓரம் ஒட்டிக்கொண்டு தனியாக வந்துவிடும். அந்த அச்சின் அளவு, வளைவு, இடைவெளி எல்லாம் அண்ணியின் பொறுப்பு. அங்கே எல்லோரும் அவளை மாஸ்டரம்மா என்பார்கள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார ஆசைப்பட்ட நாலைந்து பேர் வந்த வழியே போய்விட்டார்கள்.

அவளும் அண்ணனும் சேர்ந்து நடத்திய குடும்பத் தொழிலை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவள் கையுறையை வெட்டிப் போடுவாள். ஊர்க்காரர்கள் கழற்றித் தெருவில் போடுவார்கள். மழை அதை அடித்துக்கொண்டு போய் வடிகாலில் போடும். என் அண்ணன், நகராட்சியில் வடிகால் மேஸ்திரி, இடுப்பளவு சாக்கடையில் இறங்கி அதை அள்ளிக் கரையில் போடுவான். சாயங்காலம் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பதினெட்டு வருடம் இப்படியே போனது, இருவருக்கும் உறுத்தவே இல்லை.

ஒரு நாள் அண்ணன் வேலையிலிருந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து அந்த மேஜைமேல் வைத்தான். சேறு காய்ந்து கறுப்பாக இருந்தது. நான் கத்தினேன். அண்ணி கத்தவில்லை. மணிக்கட்டு ஓரத்தைக் கண் அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். திறக்கிற பக்கம் தெரிவதற்காக அங்கே அரிசி அளவில் ஒரு வெட்டு விடுவாள். வருடா வருடம் அந்த வெட்டின் இடத்தை மாற்றுவாள்.

"இது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அடிச்சது" என்றாள்.

குழாயடியில் கழுவினாள். உதறினாள். கையில் மாட்டினாள். விரலை விரித்து மடக்கிப் பார்த்தாள்.

"ஒரு கிழிசல் இல்ல" என்றாள். அந்தக் குரலில் பெருமை பாதி, பயம் பாதி இருந்தது. பிறகு இரண்டு நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பாவம்தான், ஆனாலும் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெரிய சுருளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். முதலாளியின் மைத்துனர் கடைப் பைகள் செய்யப் பயன்படுத்துகிற மெல்லிய படலம். மக்காச்சோள மாவில் செய்தது, மண்ணில் போட்டால் மக்கிவிடும். அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. செய்தித்தாளை நான் படிப்பதற்கு முன்பே கை வடிவத்தில் வெட்டிவிடுவாள். அரசியல் செய்தியில் எப்போதும் கட்டை விரல் அளவுக்கு ஓட்டை இருக்கும். இஸ்திரிப் பெட்டியால் படலத்தை ஒட்டி ஒட்டி, இஸ்திரிப் பெட்டி என் புடவையில் ஒட்டியது. பெரிய சைஸுக்கு மாதிரி யார்? நான்தான். கொதிக்கிற கோபத்தோடு கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எல்லாமே கிழிந்தன. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் முதலில் விடும். கெட்டியான படலத்தில் செய்தால் கிழியவில்லை, ஆனால் மக்கவும் இல்லை. மக்குகிறதா என்று பார்க்க அவற்றை என் ரோஜாத் தொட்டியில் புதைத்து வைத்திருந்தாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றப் போனேன். மண்ணுக்குள்ளிருந்து ஐந்து விரல் மேலே நீட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடிவந்தார்.

அப்புறம் அண்ணி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். ஒரு வேலையும் இல்லாமல், ஒரு வாரம், ஏறுவதும் இறங்குவதுமாக. கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஐந்தாம் நாள் ஒரு பெண் கண்டக்டர் அவளைப் பிக்பாக்கெட் என்று நினைத்து இறக்கிவிட்டு, பையைக் கொட்டிக் காட்டச் சொன்னாள். பைக்குள் இருந்தது அளவு நாடாவும் மருந்துப் புட்டி மூடிகளும். அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. அவளோ வேறு உலகத்தில் இருந்தாள்.

"பாப்பா, கம்பியப் புடிக்கிறப்ப யாருமே விரலைப் பிரிக்கிறதில்ல. கட்டை விரல் ஒரு பக்கம், மீதி நாலும் ஒட்டிக்கிட்டு இன்னொரு பக்கம். நான் எதுக்கு அஞ்சு விரல் வச்சு செத்துக்கிட்டு இருக்கேன்?"

மறுநாள் கையுறைக்கு ஒரு கட்டை விரலும் ஒரே ஒரு பெரிய பையும் மட்டும் மிஞ்சின. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே இடுக்கை, மருந்துப் புட்டி மூடியை வைத்து வட்டமாக வளைத்துவிட்டாள். கூர்மையான மூலை இருந்தால்தான் கிழிசல் ஆரம்பிக்குமாம். வளைவில் அதற்குப் பிடி கிடைக்காதாம். வலது கை, இடது கை இரண்டுக்கும் ஒன்றே. நான் மாட்டிக்கொண்டு மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கிக்கூடப் பார்த்தேன். கிழியவில்லை. தொட்டியில் புதைத்தது அறுபது நாளில் இருந்த இடம் தெரியவில்லை. ரோஜா மட்டும் பூத்துத் தள்ளியது. கையுறை பார்க்க அசல் வாத்துக்கால். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, சொன்னேன். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நல்ல நேரம், ஊரில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து பஸ்களில் கையுறைப் பெட்டி வைத்திருந்தார்கள். வடிகால் அடைத்துக்கொண்டதும் பிளாஸ்டிக் கூடாது என்று நகராட்சியிலிருந்து பஸ் பணிமனைக்கு ஓலை போனது. பணிமனை மேலாளர் முதலாளியைக் கேட்க, முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். வாத்துக்காலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது மனுஷனுக்கா, கோழிக்கா?"

"போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். மேஜை ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு சொன்னார்: "ஆறு பஸ், பதினஞ்சு நாள். பயணிங்க ஏத்துக்கிட்டா ரெண்டாம் நம்பர் மெஷின்ல உன் அச்ச மாட்டுறேன். புகார் வந்துச்சோ, பழையபடி பிளாஸ்டிக்தான். அதுக்கப்புறம் இந்த மக்குற பேச்ச என் காதுல போடக் கூடாது."

இருபது வருடத்தில் அந்தப் பெண்பிள்ளை எங்கள் வீட்டில் எனக்கு இது வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை. மின்விசிறிக்குக் கீழே நான் படுத்தால் அவள் ஓரத்தில் படுப்பாள். அன்று என் கடைக்குள் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, "எனக்கு இது கெடைக்கணும் பாப்பா. இல்லாட்டி இன்னும் பதினஞ்சு வருஷம் நான் வெட்டுறத உங்க அண்ணன் அள்ளிக்கிட்டே இருப்பாரு" என்றாள். பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் நானே அடித்துத் தருகிறேன் என்று சொன்னேன்.

அங்கேதான் வந்தது வினை. பஸ்ஸுக்கு இரண்டு பெட்டி. முன்படியில் புதிய கையுறைகள், பின்படியில் கழற்றியவை. முன்பெட்டிக்கு 'கையுறை போடவும்' என்று எழுதினேன். பின்பெட்டிக்கு 'இங்கே போடவும்'.

அண்ணி தயங்கினாள். "படம் போட்டுடலாமா பாப்பா? கை மாதிரி ஒண்ணு..."

"எதுக்குப் படம்? ஜனங்களுக்கு எழுத்து தெரியாதா?"

"இல்லாட்டி 'அணியவும்'னு..."

"யாராவது 'நான் சட்டை அணிஞ்சேன்'னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா அண்ணி? ஆபீஸ் தமிழ். ஜனங்க பேசுற மாதிரி எழுதணும். இந்தத் தெருவுல பாதிப் பலகை நான் எழுதினது. என் தமிழ்ல யாரும் கை வைக்கக் கூடாது."

கை வைக்கவில்லை. ஒட்டினோம்.

முதல் இரண்டு நாள் அமோகம். கண்டக்டர்கள் புது உற்சாகத்தில் படியில் நின்று, எடுத்து மாட்டுங்கள் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் தொண்டை களைத்தது. பயணிகள் என் தமிழை நம்பி ஏற ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் காலை பத்து மணிக்குப் பணிமனையிலிருந்து போன் வந்தது, எல்லோரும் வாருங்கள் என்று.

மேலாளர் அறையில் ஆறு பஸ்ஸின் பன்னிரண்டு பெட்டிகளையும் தரையில் வரிசையாக வைத்திருந்தார்கள். முதலாளி முகம் கடுகடுவென்று இருந்தது. மேலாளர் ஒரு முன்பெட்டியைக் கவிழ்த்தார். புதிய கையுறைகளோடு கசங்கிய கையுறைகள் விழுந்தன. டிக்கெட்டுகள், ஆரஞ்சுத் தோல், ஒரு குழந்தையின் சாக்ஸ்.

"புதுசு இருக்குற பெட்டியில பழசக் கொண்டாந்து போடுறாங்கம்மா. இது பரவாயில்ல. இத எங்க போய்ச் சொல்றது?" என்று பின்பெட்டியைக் காட்டினார். "கழட்டுனதுக்கு வச்ச பெட்டியிலேர்ந்து எடுத்து ஜனங்க மாட்டிக்கிறாங்க. ஒரு பெரியவரு ஈரமா இருக்கேன்னு கேட்டிருக்காரு. விஷயம் தெரிஞ்சதும் இங்க வந்து அரை மணி நேரம் கை கழுவுனாரு. என் சோப்பு முழுசும் காலி."

எனக்கு உடனே புரியவில்லை. பெட்டிமேல் இருந்த என் எழுத்தைப் பார்த்தேன். கையுறை போடவும். சரியாகத்தானே இருக்கிறது. இன்னொரு முறை படித்தேன். கையுறை, போடவும். சட்டையையும் போடுகிறோம், குப்பையையும் போடுகிறோம். முன்பெட்டி போடச் சொன்னது, போட்டுவிட்டார்கள். பின்பெட்டி இங்கே போடச் சொன்னது, அங்கேயே நின்று போட்டுக்கொண்டார்கள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மேலாளர் பக்கம் திரும்பி, "பெட்டி ரெண்டும் பாக்க ஒண்ணா இருந்துச்சு சார். என் தப்புதான்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. முதலாளி எழுந்தார். "விடும்மா. சுருளத் திருப்பி அனுப்பிடு. நான் அப்பவே சொன்னேன்" என்றார். அண்ணி தலையாட்டினாள். கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள். ஊரார் கையையெல்லாம் அளந்தவள். அவள் கையை நான் அன்றுதான் பார்த்தேன். கட்டை விரலால் விரலிடுக்கைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைக் காப்பாற்ற இவள் யார்? நான் கேட்டேனா?

"அவங்க தப்பு இல்ல" என்று கத்தினேன். தேவைக்கு மேலேயே கத்திவிட்டேன். "ஸ்டிக்கர் எழுதினது நான். அண்ணி படம் கேட்டாங்க, நான்தான் வேணாம்னேன். அணியவும்னு எழுதச் சொன்னாங்க, நக்கல் பண்ணினேன். கையுறையில ஒரு குத்தமும் இல்ல, என் தமிழ்லதான் குத்தம்."

மேலாளர் பெட்டியை உற்றுப் பார்த்தார். "போடவும்னு சரியாத்தானம்மா எழுதியிருக்கு?"

"அதான சார், பழசப் போடச் சொல்லுது" என்றார் வாசலில் நின்ற டிரைவர்.

"யோவ், மாட்டிக்கச் சொல்லுதுய்யா" என்றாள் கண்டக்டர். அண்ணியின் பையைக் கொட்டச் சொன்ன அதே கண்டக்டர். "செருப்பு போடுறோம், கண்ணாடி போடுறோம்..."

"தபால்பெட்டியில லெட்டர் போடுறோம். அத மாட்டிக்கிட்டா போறோம்?"

பணிமனை இரண்டாகப் பிரிந்தது. மெக்கானிக்குகள் ஸ்பேனரோடு வந்து கட்சி சேர்ந்தார்கள். மேலாளர் மேஜையைத் தட்டி, "சண்டை போடாதீங்கய்யா" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் அண்ணி கேட்டாள்: "கிழிஞ்சது எத்தனை சார்?"

யாருக்கும் தெரியவில்லை. யாரும் எண்ணவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, ஒரு புதிய வாத்துக்காலை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நானும் உட்கார்ந்தேன். ஈரம், எச்சில், மூக்குச் சளி, என்னவென்று சொல்ல முடியாத ஒன்று. இந்த ஜனங்கள்மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அன்றோடு போயிற்று. ஒரு மணி நேரம் ஆனது. கண்டக்டரும் குந்தி உட்கார்ந்து உதவினாள். கசங்கினவை ஆயிரத்து நூற்றுச் சொச்சம். கிழிந்தவை ஒன்பது.

அண்ணி அந்த ஒன்பதையும் முதலாளிக்கு முன்னால் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். "பிளாஸ்டிக்ல இதவிட அதிகமாக் கிழியும், உங்களுக்கே தெரியும். பதினஞ்சு நாள் சொன்னீங்க. நாலுதான் ஆச்சு. மிச்சம் பதினொண்ணு எனக்கு வேணும்" என்றாள். அவள் முதலாளியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தோளைக் குலுக்கி, "சோப்பு வாங்கிக் குடுத்துட்டு நடத்துங்க" என்றார்.

அங்கேயே அண்ணி, மேலாளரின் சிவப்புப் பேனாவை வாங்கி, என் ஸ்டிக்கர்களைக் கிழித்துவிட்டு, அங்கே கிடந்த வெள்ளைத் தாள்களில் கோழி கிறுக்கினது மாதிரி எழுத்தில் முன்பெட்டிக்குப் 'புதுசு' என்றும் பின்பெட்டிக்குப் 'பழசு' என்றும் எழுதி ஒட்டினாள். இடுக்கை வளைத்த மாதிரியே, கிழிசல் எங்கே ஆரம்பிக்கிறதோ அந்தச் சொல்லையே எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒருவரும் தப்புச் செய்யவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடியே, "என்னத் திட்டுங்க அண்ணி" என்றேன்.

"எதுக்கு? நீ ஒரு தடவையாவது 'என் தப்பு'ன்னு சொல்றத இருபது வருஷமா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். அதுக்கு ஆறு பஸ் தேவைப்பட்டுச்சு" என்றாள். பிறகு அடுத்த நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

பதினைந்தாம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு, இரண்டாம் நம்பர் மெஷினில் அவளுடைய அச்சை ஏற்றச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "சரிங்க" என்று மட்டும் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். என் அண்ணன், பெரிய மேதாவி, பக்கத்தில் போய் நின்று, "எங்க வலிக்குது?" என்று கேட்டான்.

ஒரு வாரம் கழித்து, கடைகளுக்கு அனுப்புகிற அட்டைப்பெட்டியில் என்ன அச்சடிப்பது என்ற பேச்சு வந்தபோது, விளம்பரக் கம்பெனியில் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார் முதலாளி. அண்ணி, "எங்க பாப்பா எழுதுவா" என்றிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணா? வேணாம்மா. ஊரே சிரிச்சுது."

"அதனாலதான் அவ எழுதணும். இனிமே அவ ஒரு வார்த்தையக்கூடச் சும்மா நம்பமாட்டா."

அண்ணன் வந்து இதைச் சொன்னபோது நான் ஒரு வண்டி நம்பரை வெட்டிக்கொண்டிருந்தேன். என்னை யாராவது திட்டினால் திருப்பித் திட்டத் தெரியும். யாராவது நம்பினால்? கதவைச் சாத்திவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு சொற்கள் எழுத எட்டு நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லையும் பஸ் நிறுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போய், முன்பின் தெரியாத முப்பது பேரிடம் காட்டி, இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முப்பது பேரும் ஒரே பதில் சொன்ன பிறகுதான் அதை அண்ணியிடம் கொடுத்தேன்.